நாடு முழுக்கக் கரண்ட் போன நாளில் யாழ் நகரிலிருந்து வீடு போய்ச் சேர

இலங்கை முழுவதும் மின்சாரம் ஒரேயடியாக விழுந்தாலும் பஸ் ஓடும், ரயிலும் ஓடும். இரண்டும் டீசல். இருந்தும் அப்படியான நாளில் யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்தில் சனம் தேங்கி நிற்கும். ஆளை மறிப்பது வேறு நாலு விஷயம்: பெற்றோல் அடிக்கும் பம்ப், காசு தரும் ஏ.ரி.எம், போன் கோபுரம், வீதி வெளிச்சம்.

இந்த நாலும் ஒரே நேரத்தில் படுப்பதில்லை என்பதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏ.ரி.எம்மும் பெற்றோல் பம்பும், ஜெனரேற்றர் இல்லாத இடத்தில், அந்த நிமிடமே நின்றுவிடும். போன் கோபுரம் பற்றரியில் சில மணி நேரம் இழுக்கும். வெளிச்சம் பொழுது படும் வரை உண்டு. போன் வேலை செய்கிறதுதானே என்ற தைரியத்தில் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்தவர்கள்தான் பின்னேரம் போனும் இல்லாமல் பஸ்ஸும் இல்லாமல் நிற்பார்கள். போன், பஸ், வெளிச்சம் மூன்றும் ஒன்றாகக் கையில் இருப்பது முதல் ஒரு மணி நேரத்தில்தான்.

முதல் கால் மணி நேரம்

உள்ளூர்ப் பழுதா, நாட்டுப் பழுதா என்று பாருங்கள். இரண்டு அழைப்புப் போதும். ஒன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு, மற்றது கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவருக்கு. வவுனியாவில் லைற் எரிகிறது என்றால் பழுது வடக்குப் பக்கம், சில மணியில் சரிவரலாம். கொழும்பும் இருட்டு என்றால் நாடே விழுந்துவிட்டது. மின்தடை முறைப்பாட்டுக்கான 1987 என்ற தொலைபேசி இலக்கம் அந்த நேரம் அனேகமாகக் கிடைக்காது. அதற்கு அடித்துப் பற்றரியைக் கரைப்பதை விட, பக்கத்தில் நிற்கும் ஓட்டோவின் ரேடியோவைப் போடச் சொல்லிக் கேட்பது நல்லது.

நாட்டுப் பழுது ஏன் நேரம் எடுக்கிறது? மின் நிலையத்தைத் திரும்ப இயக்குவதற்கே மின்சாரம் வேண்டும். வெளி உதவி இல்லாமல் எழும்பக்கூடியவை விக்ரோரியா, கொத்மலை, லக்சபான போன்ற நீர் மின் நிலையங்கள். அவற்றை முதலில் ஓட்டி, ஒவ்வொரு லைனாக உயிர் கொடுத்து, ஒவ்வொரு ஊராகச் சேர்க்க வேண்டும். ஈர விறகில் அடுப்பு மூட்டுகிற மாதிரி வேலை. அவசரப்பட்டுக் கூடுதல் சுமையைப் போட்டால் 50 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் இறங்கி, எழும்பினதும் திரும்ப விழும். யாழ்ப்பாணத்துக்கு வரும் 132 கிலோவோல்ற் லைன் வவுனியா, கிளிநொச்சி தாண்டிச் சுன்னாகத்தில் முடிகிறது. நாங்கள் இருப்பது லைனின் நுனியில்.

பழைய கணக்குகளைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 17 மதியம் கெரவலப்பிட்டியில் தொடங்கிய பழுது இரவு வரை இழுத்தது. 2023 டிசம்பர் 9 மாலை 5 மணிக்குச் சற்றுப் பின் விழுந்தது, பல இடங்களுக்கு நள்ளிரவை ஒட்டித்தான் வந்தது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல் 11 மணி தாண்டிப் பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததில் விழுந்தது, பொழுது படும் அளவில்தான் பெரும்பாலான இடங்களுக்குத் திரும்பியது. ஆகவே ஆறிலிருந்து எட்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முற்பகலில் விழுந்தால் வீடு போகும் நேரத்துக்குள் வந்தாலும் வரும். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு விழுந்தால் அன்றிரவு இருட்டு என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். இடையில் லைற் மின்னி மின்னி வந்துவிட்டுப் போகும். அது மீட்பு முயற்சி சறுக்குவது. அரை மணி நேரம் நிலையாக எரியும் வரை திட்டத்தை மாற்ற வேண்டாம்.

போனும் காசும்

வீட்டுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். உடனே அனுப்புங்கள். நெரிசலில் அழைப்பு எடுபடாத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். வரிசையில் நின்று போய்ச் சேரும். தமிழ் எழுத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துத்தான், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் 160. அன்றைக்கு மட்டும் தமிழ்ப் பற்றை ஒதுக்கி வைக்கலாம்; இரண்டு துண்டாகப் போகும் செய்தியில் ஒரு துண்டு தொலைந்தால் மற்றது பிரயோசனமில்லை. என்ன எழுத வேண்டும்? எங்கே நிற்கிறீர்கள், எத்தனை மணி, எந்த வழியால் வருகிறீர்கள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் எங்கே தேட வேண்டும். “யாழ் பஸ் ஸ்ராண்ட் 4.20. கோப்பாய் வழி. 8க்குள் வராட்டி நீர்வேலி மாமி வீடு.” இவ்வளவு போதும். “கவலைப்பட வேண்டாம்” என்ற வரியில் ஒரு தகவலும் இல்லை.

அடுத்து டேட்டா, வைபை, புளூடூத் எல்லாவற்றையும் நிறுத்தி, திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பற்றரியைத் தின்னும். ஆகவே விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, ஒவ்வொரு மணியின் முதல் 5 நிமிடம் மட்டும் திறப்பது என்று வீட்டாரோடு பேசி வையுங்கள். மூன்று நம்பர்களைக் கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் செத்தால் வேறொருவரின் போனில் அடிக்க நம்பர் மனப்பாடமாக இருக்கும் ஆட்கள் இப்போது குறைவு.

10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் பவர் பாங்க் உண்மையில் தருவது 6,000 சொச்சம். 3.7 வோல்ற்றை 5 ஆக உயர்த்துவதிலும் சூட்டிலும் மிச்சம் போய்விடும். 5,000 எம்.ஏ.எச். போன் ஒன்றை ஒரு தடவை நிரப்பி, இன்னொன்றுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதென்றால் 15 நிமிடம் என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப அது தாராளம்.

காசு விஷயம் சுருக்கம். ஏ.ரி.எம். வேலை செய்யாது, கார்ட் மெஷினும் கியூ.ஆர். கொடுப்பனவும் நம்பத்தகாதவை. பர்சின் பின்பக்கம் ஒரு நாள் பயணத்துக்கான காசு எப்போதும் மடித்துக் கிடக்க வேண்டும், அதுவும் 100, 50, 20 ரூபாய்த் தாள்களாக. 5,000 ரூபாய்த் தாளை அன்றைக்கு யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

எதில் போவது

முதல் தெரிவு சிவப்பு பஸ். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) டிப்போக்களுக்குச் சொந்த டீசல் இருப்பு உண்டு. மினி பஸ்காரர் தாங்கியில் இருப்பதைப் பார்த்து ஒரு நடை, இரண்டு நடை ஓடிவிட்டு நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வழமையான நாளிலேயே பொழுதுபட்டால் உள்ளூர் பஸ் அருமை. பருத்தித்துறைக்கு 750 ஆம் இலக்க பஸ்ஸில் போக வேண்டியவர் “அடுத்ததில் சனம் குறைவாக இருக்கும்” என்று ஒரு பஸ்ஸை விடக்கூடாது. மிதிபலகையில் இடம் கிடைத்தால் ஏறி உள்ளே நெருங்குங்கள்.

கொழும்பு, வவுனியா போக வேண்டியவர்களுக்கு ரயில் நல்லது, ஆனால் தாமதமாகும். சமிக்ஞைகள் பற்றரியில் ஓடி, அதுவும் இறங்கிவிட்டால் ரயில் நிலையத்துக்கு நிலையம் அனுமதி வாங்கித்தான் நகரும். இரவு பஸ்ஸுக்கு இணையத்தில் ஆசனம் பதிந்திருந்தால் ஆசன இலக்கத்தையும் பதிவு இலக்கத்தையும் கடதாசியில் குறித்து வையுங்கள். நடத்துநரிடம் பட்டியல் இருக்கும், உங்கள் போனில் அதைத் திறக்க இணையம் இருக்காது.

பஸ் இல்லையென்றால் ஓட்டோவைப் பங்கு போடுவதுதான் வழி. அன்றைக்கு இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று: “அண்ணை, திரும்பி வரப் பெற்றோல் இருக்கோ?” பருத்தித்துறை ஏறக்குறைய 33 கிலோமீற்றர், போய்வர 66. ஓட்டோ லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் 2.7 லீற்றர் வேண்டும். பாதி வழியில் வல்லை வெளியில் ஓட்டோ நின்றால், நீங்கள் பஸ் நிலையத்தில் நின்றதை விடக் கேடு. பெற்றோல் போதாது என்றால் நெல்லியடியோ அச்சுவேலியோ, அவர் திரும்பக்கூடிய தூரம் வரைக்கும் பேசுங்கள். இரண்டாவது கேள்வி முழுக் கூலி எவ்வளவு என்பது. தலைக்கு இவ்வளவு என்று பேசினால் வழியில் ஒருவர் இறங்கும்போது பிரச்சினை கிளம்பும். முழுத் தொகையைப் பேசி முடித்து, ஏறுவதற்கு முன்பே மூவரும் பங்கை ஒருவர் கையில் கொடுங்கள். கடைசியாக இறங்குபவர் அதை வைத்திருந்து கொடுக்கட்டும். கிட்ட இறங்குபவர் பாதிப் பங்கு, தூர இறங்குபவர் முழுப் பங்கு என்பது நியாயமான கணக்கு. ஓட்டோவில் மூன்று பேருக்கு மேல் ஏற வேண்டாம். தாங்கியின் கடைசி லீற்றரில் பாரம் கூடினால் அந்த 25 என்ற கணக்கும் பொய்த்துவிடும்.

கூட்டாளிகளை எப்படித் தெரிவது? “நீங்கள் எவ்விடம்?” என்று கேட்டு, கோயில், பள்ளிக்கூடம், ஒழுங்கை என்று உள்ளுக்குப் போய் விசாரிக்கும் நம்மூர்ப் பழக்கம் மற்ற நாட்களில் எரிச்சல். அன்றைக்கு அதுதான் அடையாள அட்டை. கரவெட்டி என்று சொல்பவருக்கு அங்கே எந்தக் கோயிலடி என்று சொல்லத் தெரியாவிட்டால் அவரோடு ஏற வேண்டாம். பெண்கள் இருவராகச் சேர்ந்து ஏறுவது நல்லது. ஏறுமுன் ஓட்டோ இலக்கத்தை வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, அனுப்பியதைச் சாரதிக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். நல்ல சாரதி கோபப்படமாட்டார்.

வாகனத்தை மறிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடையில் ஒரு பிஸ்கற் பெட்டி அட்டை வாங்கி, ஒரு பக்கத்தில் மாக்கரால் “நெல்லியடி – 2 பேர்” என்று உள்ளங்கை அகல எழுத்தில் எழுதுங்கள். அதைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம். வீதி விளக்கு இல்லாத இடத்தில் சாரதிக்குத் தெரிவது ஹெட்லைற் விழும் உயரம் மட்டும்தான், ஆகவே இடுப்புக்குக் கீழே பிடியுங்கள். சந்தியிலேயே நிற்காமல், வாகனம் திரும்பி வேகம் குறைந்து வரும் இடத்தில், சந்தி தாண்டிப் பத்திருபது அடி தள்ளி நில்லுங்கள். நாலைந்து பேர் கும்பலாக நின்றால் யாரும் நிறுத்தமாட்டார்கள். இருவர் முன்னால், மற்றவர்கள் மதிலோரம். வடமராட்சிப் பக்கம் போக முத்திரைச் சந்தி அல்லது இருபாலைச் சந்தி, வலிகாமத்துக்குத் தட்டாதெருச் சந்தி, தென்மராட்சிக்கு அரியாலைப் பக்கம். செம்மணி வெளியில் நிற்க வேண்டாம், அங்கே ஒருவரும் பிரேக் பிடிக்கமாட்டார்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றுபவரும் ஏறுபவரும் ஒன்றை மறக்கிறார்கள், இரண்டாவது ஹெல்மெற். அலுவலக மேசைக்கடியில் ஒன்று கூடுதலாகக் கிடந்தால் இன்னொரு ஆளை வீடு சேர்க்கலாம்.

நடப்பதென்றால்

பகலில் 10 கிலோமீற்றர் வரைக்கும் நடக்கலாம். கோப்பாய் ஏறக்குறைய 6, மானிப்பாய் 8, சுன்னாகம் 10. மணிக்கு 4 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் 3. டிசம்பரில் 6 மணிக்கே பொழுது பட்டுவிடும். 4 மணிக்குச் சுன்னாகம் நோக்கி வெளிக்கிட்டால் கடைசி 2 கிலோமீற்றர் இருட்டில்தான். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் போத்தல் கட்டாயம். வழியில் வீட்டுக் கிணறுகள் உண்டு, ஆனால் இப்போது பல கிணறுகளை மூடி மோட்டர் பூட்டிவிட்டார்கள், கப்பியும் வாளியும் இல்லை. கேட்பதற்கு முன் கப்பி இருக்கும் வீடா என்று பாருங்கள்.

வீதியின் வலப்பக்கம், வரும் வாகனத்தை முகம் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முன்னால் ஒரு ரோர்ச், கடைசி ஆளிடம் ஒன்று. கடைசி ஆள் அதைப் பின்பக்கமாக நிலத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். நேரே பிடித்தால் வருகிற சாரதியின் கண் கூசும். வெள்ளைத் துவாய் ஒன்றைத் தோளில் போடுங்கள். நகரத்தில் வாய்க்காலுக்கு மேல் போட்ட சிலாப் சில இடங்களில் இல்லாமல் இருக்கும், ஆகவே சிலாப்பை விட்டுத் தார் விளிம்பில் நடங்கள். நகரம் தாண்டினால் வீதியில் படுத்திருக்கும் மாடு. கறுப்பு மாட்டை ரோர்ச் வெளிச்சத்திலும் கிட்டப் போனால்தான் தெரியும். மழைக்குப் பிறகு புல்லோரத்தில் கால் வைக்க வேண்டாம், விரியன் கிடக்கும். நாய் குரைத்தால் ஓடாமல் நின்று, கையில் இருக்கும் தடியை நிலத்தில் தட்டி மெதுவாக விலகுங்கள்.

சில இடங்களை இரவில் நடந்து கடக்கவே கூடாது. பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், வல்லை வெளி, ஆனையிறவு. ஒதுங்க மரமில்லை, வீடில்லை, காற்றுத் தள்ளும், பின்னால் வரும் லொறிக்கு உங்களைத் தெரியாது. வடமராட்சி ஆட்கள் அச்சுவேலிப் பக்கமே தங்கி வாகனம் பிடியுங்கள். தெற்கே போகிறவர்களுக்குப் பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் குறுக்கு வழிதான், ஆனால் அன்றிரவு ஏ9 வீதியே நல்லது; வாகனம் நின்றால் இன்னொரு வாகனம் வரும்.

ரயில் கடவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணியும் சிவப்பு லைற்றும் மட்டும் உள்ள கடவைகள் பற்றரியில்தான் மூச்சு விடும். பற்றரி இறங்கினால் மணி அடிக்காது, ஆனால் ரயில் வரும். மௌனமான கடவை பாதுகாப்பான கடவை அல்ல. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெற்றைத் தூக்கி இரு பக்கமும் கேட்டுவிட்டே கடக்கவும். இயர்போன் போட்டுக்கொண்டு தண்டவாளம் கடப்பவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

தீவுப் பகுதி ஆட்களுக்குக் கணக்கு வேறு. குறிகட்டுவானில் படகு டீசலில் ஓடினாலும் நெடுந்தீவுப் படகு பின்னேரத்தோடு முடிந்துவிடும். அதைப் பிடிக்க முடியாது என்று யாழ்ப்பாணத்திலேயே தெரிந்துவிட்டால் குறிகட்டுவான் வரை போகவே வேண்டாம். அங்கே இறங்குதுறையில் இருட்டில் நிற்பதை விட நல்லூரடியில், அல்லது வேலணை, புங்குடுதீவுச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது மேல்.

ரியூசன் பிள்ளைகள்

2023 இல் கரண்ட் விழுந்தது சனிக்கிழமைப் பின்னேரம், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம். கரண்ட் போனதும் வகுப்பைக் கலைத்து எல்லாரையும் ஒன்றாக வீதிக்கு விடுவதுதான் மிக மோசமான முடிவு. வீதியில் லைற் இல்லை, தாய் தகப்பனுக்குச் செய்தி இல்லை, அரைவாசிப் பேரின் சைக்கிளில் டைனமோவும் இல்லை. பெற்றார் முன்கூட்டியே நிலையத்தோடு ஒன்று பேசி வையுங்கள்: கரண்ட் போனால் பிள்ளை அங்கேயே இருக்கும், இன்ன ஆள் வந்தால் மட்டும் அனுப்ப வேண்டும். சைக்கிளில் போகும் மூத்த பிள்ளைகளை ஊர் வாரியாகப் பிரித்து, லைற் உள்ள சைக்கிள் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று அனுப்பலாம். சைக்கிளின் பின் மட்காட்டில் சிவப்பு ஒளித்தெறி ஸ்ரிக்கர் ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

வீதியோரத்து வீட்டுக்காரருக்கு

நடந்து வரும் சனத்தை வீட்டுக்குள் எடுக்க வேண்டும் என்றில்லை. படலையடியில் ஒரு லாம்பு, ஒரு வாளி குடிதண்ணீர், இரண்டு கதிரை, இவ்வளவும் பெரிய உதவி. வெளிக் கக்கூசைத் திறந்து விட்டால் பெண்கள் உங்களை வாழ்த்துவார்கள். மேல் தாங்கித் தண்ணீரை அதற்கு விட வேண்டாம், மோட்டர் ஓடாத நாளில் அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். கிணற்றில் அள்ளி வையுங்கள். லாம்பில் மண்ணெண்ணெய் மட்டும். பெற்றோல் கலந்தால் வெடிக்கும்.

கூரையில் சோலர் இருக்கிறதே, அயலுக்குக் கரண்ட் கொடுக்கலாமே என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். மின்சார சபை லைனோடு மட்டும் இணைந்த சாதாரண இன்வேற்றர், லைன் செத்ததும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரைக் காப்பாற்ற அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பற்றரியோடு கூடிய ஹைபிரிட் அமைப்பு உள்ளவர்களால் கொடுக்க முடியும். 12 வோல்ற் 100 ஏ.எச். பற்றரியில் பாதியை, அதாவது 600 வாற்மணி, பாவிக்கலாம். ஒரு போனுக்கு இழப்போடு சேர்த்து 25 என்று வைத்தால் 24 போன். கார் பற்றரியில் நாலைந்து போனுக்கு மேல் ஏற்றினால் அடுத்த நாள் கார் ஸ்ரார்ட் எடுக்காது. ஏற்றக் கொடுக்கும் போனுக்கெல்லாம் ஒரு துண்டில் பெயர் எழுதி றப்பர் போட்டு வையுங்கள். கறுப்புப் போன் எல்லாம் இருட்டில் ஒன்றுதான்.

வருத்தக்காரர், கர்ப்பிணிகள், ஒட்சிசன் இயந்திரத்தில் இருப்பவர்கள் வழியில் அகப்பட்டால் யோசிக்காமல் அம்புலன்ஸுக்கு 1990. பயமாக இருந்தால் பொலிஸுக்கு 119. போதனா வைத்தியசாலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான், ஜெனரேற்றரும் உண்டு. அதற்காக போன் சார்ஜ் பண்ணப் போய் நெரிக்க வேண்டாம்.

கரண்ட் வந்த பிறகு

லைற் வந்த உடனே பயணத்தைத் தொடங்காமல் அரை மணி பொறுங்கள், முன்னர் சொன்ன காரணம்தான். நள்ளிரவில் வந்தால் இருந்த இடத்திலேயே விடியும் வரை இருந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பது புத்தி. அடுத்த நாளும் கதை முடியாது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று 300 மெகாவாற் இயந்திரங்களும் நின்றால் அவற்றைத் திரும்ப எடுக்க நாட்கணக்கு ஆகும். 2025 இல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் பின்னேரம் 3.30 முதல் இரவு 9.30 வரை முறை வைத்து ஒன்றரை மணி நேரம் வெட்டினார்கள். உங்கள் பகுதி எந்தப் பிரிவில் வருகிறது என்று அன்று காலையே பார்த்து, பவர் பாங்கை நிரப்பி, தாங்கியில் பாதிக்குக் குறையாமல் பெற்றோல் அடித்துவிட்டு வேலைக்குப் போங்கள்.